சீட்டில் இல்லாத வேலை

மூன்று மாதமாக ஊருக்கு ஒரே கேள்விதான். குண்டு உள்ளேயிருந்து வெளியே போனதா, வெளியேயிருந்து உள்ளே வந்ததா? விலைவாசி, தண்ணீர்க் குழாய், ஒழுகுகிற பள்ளிக்கூடக் கூரை எல்லாம் ஒரு ஓரமாய் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்த ஊர்க் கூத்தாடிகள் கோட்டு மாட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் டிவியில் வந்து உட்கார்ந்தார்கள்.

நடந்தது இதுதான். குடியிருப்பு அலுவலகத்துக்குச் சொந்தமான ஒரு பழைய கட்டடம். அதன் மூன்றாவது மாடி வீட்டுக்கு, விடிந்தும் விடியாத நேரத்தில், போதை மாத்திரை தேடிப் போலீஸ் போனது. வாசற்கதவில் ஒரு குண்டு பாய்ந்தது. பிறகு கதவை உடைத்து உள்ளே போனார்கள். ஒரு போலீஸ்காரருக்குத் தோளில் காயம். வீட்டில் தனியாக இருந்த இருபத்துமூன்று வயதுப் பையன் உள்ளறையில் செத்துக் கிடந்தான். மாத்திரைப் பொட்டலங்கள் கிடைத்தன, முன்னறையில் ஒரு கைத்துப்பாக்கியும் கிடைத்தது. "அவன்தான் முதலில் சுட்டான், உள்ளறையிலும் நின்று எதிர்த்தான், வேறு வழியில்லாமல் சுட்டோம்" என்றது போலீஸ். "முதலில் சுட்டதே நீங்கள்தான், துப்பாக்கியும் நீங்கள் கொண்டுபோய் வைத்தது" என்றது எதிர்க்கட்சி. பிரேதப் பரிசோதனை அறிக்கை வரும் வரும் என்றார்கள், வரவில்லை.

ஆகவே எல்லோரும் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். குண்டு புகுந்த பக்கம் ஓட்டை சின்னதாகச் சுத்தமாக இருக்கும். வெளியேறிய பக்கம் மரம் பிளந்து பிசிறாக நிற்கும். குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். ஆனால் பார்ப்பதற்குத்தான் ஓட்டை இல்லை. அன்று மத்தியானமே ஒரு தச்சர் அதை அடைத்துவிட்டார்.

அவரைக் கூட வேலை செய்கிறவர்கள் ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். கதவோ ஜன்னலோ, ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுகிற ஆள். பெண் பார்க்கப் போன இடத்தில், சுவரில் மாட்டியிருந்த படம் கோணலாக இருக்கிறது என்று நாற்காலி போட்டு ஏறியவர் என்று ஒரு கதை உண்டு. அவர் மனைவி அதை இன்றுவரை மறுத்ததில்லை. குடியிருப்பு அலுவலகத்துக்கு இருபத்தாறு வருஷமாக ஒப்பந்தத்தில் வேலை. வேலைச் சீட்டு வரும். சீட்டில் எழுதியதை விட்டாலும் தப்பு, எழுதாததைச் செய்தாலும் தப்பு.

அன்றைய சீட்டில் 'வாசற்கதவு, பூட்டு, நிலை. இன்றே' என்று இருந்தது. வேறு ஆளாக இருந்தால் ஓட்டையில் பட்டியைப் பூசி, மேலே பெயிண்டை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். சாட்சியும் பிழைத்திருக்கும். நம்மவருக்கு அது முடியாதே! பிசிறு விட்ட மரத்தை உளியால் சதுரமாக எடுத்து, அதே ஜாதி மரத்தில் துண்டு நறுக்கி, பசை வைத்து இறக்கி, இழைத்தார். ஒரு பக்கம் மட்டும் சதுரம் இருந்தால் கண்ணை உறுத்தும் என்று மறுபக்கத்திலும் அதே அளவுக்கு எடுத்து அதே அளவுக்குத் துண்டு வைத்தார். பத்து நாள் கழித்து நிபுணர்கள் வந்து பெயிண்டைச் சுரண்டியபோது, இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல ஒரே சதுரம். தலையில் கை வைத்துக்கொண்டு போனார்கள். நல்ல வேலை செய்தவனுக்கு இந்த உலகத்தில் வசவுதான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பிசிறு எந்தப் பக்கம் இருந்தது என்பது அவருக்கு மறக்கவில்லை. வராண்டாப் பக்கம். அதாவது, முதல் குண்டு உள்ளேயிருந்துதான் வந்தது. போலீஸ் சொன்னது சரி.

அவருக்கு மறக்காத விஷயம் இன்னொன்றும் இருந்தது, அதை யாரும் கேட்கவே இல்லை. இழைப்புளியைத் தீட்டத் தண்ணீர் தேடி அன்று அவர் உள்ளே போனார். தரையை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. உள்ளறையில் ஒரு மர அலமாரி. சட்டைகள் தொங்குகிற உயரமான அலமாரி. அதன் கதவில் ஐந்து ஓட்டை, எல்லாமே தாழ்வாக. கதவைத் திறந்து பார்த்தார். அடித்தட்டில் ஒரு ஆள் குறுகி உட்காரும் அளவுக்குத் துணிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. கழுவினவர்கள் அலமாரிக்குள் கழுவவில்லை. குடியிருப்பு அலுவலகத்துச் சூப்பர்வைசர் மாடிப்படியில் நின்று போனில் யாரிடமோ, "முடிஞ்சுது சார், முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தச்சர் ஒரு துணியை நனைத்து உள்ளே துடைத்தார். ஐந்து ஓட்டைக்கும் மர முளை சீவி அடித்து, இழைத்து, பெயிண்ட் அடித்தார். சீட்டில் இல்லாத வேலை. அந்தப் பையனின் அம்மா வந்து இதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் செய்தார். வேறு ஒரு நினைப்பும் இல்லை.

அந்த நல்ல மனசுதான் மூன்று மாதமாக அவருடைய நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்குப் போனால் உளி பிடித்த கை சும்மா நின்றுவிடும். வீட்டிலோ மச்சான் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம்.

"மாத்திரை விக்கறவனுக்கு மாலையா போடுவாங்க? எத்தனை பிள்ளைங்க நாசமாப் போச்சு!" என்பார் மச்சான்.

"அதுக்கு வீட்டுக்குள்ள புகுந்து சுட்டுடலாமா மாமா? கோர்ட்டு எதுக்கு, ஜட்ஜு எதுக்கு?" என்பாள் மகள்.

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருந்தது; அதுதான் சலிப்பு. தச்சர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் பொது விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை பதினோரு மணி, ஊர்ப் பொது மண்டபம். அன்றே சூப்பர்வைசர் போன் செய்தார்.

"ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்க. மாசத்துக்கு எத்தனை கதவு பாக்கறீங்க, எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது? யாருக்கும் பொல்லாப்பு இல்லை."

"யோசிக்கறேன் சார்."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? சீட்டுல இருந்த வேலையைத்தானே செஞ்சீங்க?"

தச்சர் ஆமாம் என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். டிவி பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த முகம். தச்சரின் மனைவி ஒரு கணம் திகைத்து, பிறகு, "உள்ள வாம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். செத்துப்போன பையனின் அம்மா அதில் நுனியில் உட்கார்ந்தாள். வெந்நீரிலும் சோடாவிலும் ஊறி வெளுத்த கைகள். டீ கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டாளே தவிரக் குடிக்கவில்லை.

"அன்னிக்கு நான் வேலைல இருந்தேன் அண்ணே. அங்கேருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, அப்புறம் பிணவறை. மூணாம் நாள்தான் வீட்டுக்கு வந்தேன். வந்தா, கதவு சரியா இருக்கு. கையால தடவிப் பாத்தேன், தடமே தெரியல. என் வீட்டை ஆளாளுக்கு மிதிச்சுட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் அதை வீடா நினைச்சு வேலை செஞ்சிருக்கீங்க. அப்படிப்பட்டவரு பொய் சொல்ல மாட்டாருன்னுதான் வந்தேன். நாளைக்கு நீங்க பாத்ததை அப்படியே சொல்லிடுங்க. வெளியேருந்துதானே சுட்டாங்க?"

தச்சர் மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் அவர் எதையும் சொன்னதில்லை. நாளைக்கு ஆயிரம் பேர் நடுவில் இவள் இதைக் கேட்பதைவிட, இங்கேயே கேட்கட்டும் என்று தோன்றியது.

"பிசிறு வராண்டாப் பக்கம் இருந்துச்சும்மா."

அவளுக்குப் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் டீயைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவன்தான்."

"ஆமாம்மா."

"மாத்திரை விக்கறான்னு எனக்குத் தெரியும். அதுக்காக அவனை அடிச்சிருக்கேன், சோறு போடாம இருந்திருக்கேன். துப்பாக்கி தெரியாது. சத்தியமா தெரியாது." அவள் அழவில்லை. மூன்று மாதமாக எதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசினாளோ அது போய்விட்டது. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சின்னதாகிவிட்டாள்.

தச்சருக்குத் தாங்கவில்லை. அலமாரியைப் பற்றிச் சொன்னார். ஐந்து ஓட்டை, ஒதுக்கி வைத்த துணிகள், தான் துடைத்தது, முளை அடித்தது, எல்லாம். துப்பாக்கி முன்னறையில் கிடந்ததாகப் போலீஸே எழுதியிருக்கிறது; அதை எறிந்துவிட்டு ஓடிப்போய் ஒளிந்தவனைத்தான் சுட்டிருக்கிறார்கள் என்று தனக்குப் படுவதையும் சொன்னார்.

"என்னத்துக்கு அடைச்சீங்க?"

"நீங்க வந்து பாக்க வேண்டாம்னு."

அதுவரை தணிந்திருந்த குரல் அப்போதுதான் உயர்ந்தது. "என் பிள்ளை எப்படிச் செத்தான்னு நான் பாக்க வேண்டாம்னு முடிவு பண்ண நீங்க யாரு அண்ணே? மூணு மாசமா அந்த அலமாரியிலதான் என் புடவையை மடிச்சு வெச்சு எடுக்கறேன்!"

தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் எழுந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லுங்க. அவன் சுட்டதையும் சொல்லுங்க, அலமாரியையும் சொல்லுங்க. ஒண்ணை விட்டு ஒண்ணைச் சொல்லிடாதீங்க."

"சொல்றேன்மா."

அவள் போன பிறகு மனைவி கேட்டாள். "சீட்டுல இல்லாத வேலையை நீங்களே ஒத்துக்கிட்டா, ஆபீஸ்ல விடுவாங்களா?"

"விட மாட்டாங்க."

"சரி, சட்டையை எடுத்துக் குடுங்க, இஸ்திரி போடணும்," என்றாள் அவள்.

மறுநாள் மண்டபத்தில் எள் போட்டால் எண்ணெயாகும் அளவுக்குக் கூட்டம். நடுவில் ஒரு வழி விட்டு, இந்தப் பக்கம் போலீசுக்கு ஆதரவாக வந்தவர்கள், அந்தப் பக்கம் எதிராக வந்தவர்கள்; கல்யாணத்தில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று உட்காருவார்களே அப்படி. மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு ஜலதோஷம். பக்கத்தில் குறிப்பெழுதும் குமாஸ்தா, கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண். செத்த பையனின் அம்மா முதல் வரிசையில் ஓரமாக இருந்தாள். மச்சான் எப்படியோ மூன்றாவது வரிசையில் இடம் பிடித்துவிட்டார்.

காலையிலிருந்து பேசினவர்கள் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். போதையால் அழிந்த குடும்பங்களைப் பற்றி ஒருவர் பேசியபோது பாதி மண்டபம் கண்ணைத் துடைத்தது. அதிகாரத்தின் ஆணவத்தைப் பற்றி இன்னொருவர் பேசியபோது மறு பாதி துடைத்தது. ஒரு பாதி அழும்போது மற்றது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டது. ஆயிரம் பேர் இருந்த அந்த இடத்தில், செத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவர் எவரும் இல்லை. தச்சருக்கு இடுப்பு வலித்தது. நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டையாக இருந்ததால் அது ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு சீவு சீவினால் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

பன்னிரண்டரைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன்னால் நின்றார். உறுதிமொழி முடிந்தது. விசாரணைக்கான வக்கீல் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"அன்னிக்கு அந்த வீட்டுல என்ன பாத்தீங்க, என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொல்வதற்கு இதைவிடத் தோதான கேள்வி கிடைக்குமா? எங்கே வேண்டுமானாலும் ஆரம்பித்திருக்கலாம். ஆனால் அவர் கைவேலைக்காரர். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் தொடங்கி, ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு உள்ளே போகிறவர். இருபத்தாறு வருஷப் பழக்கம். வாயும் அதே வழியில் போயிற்று.

"வாசற்கதவுல ஒரு ஓட்டை இருந்துச்சுங்க. பிசிறு வராண்டாப் பக்கம் இருந்துச்சு. குண்டு உள்ளேருந்து..."

அவ்வளவுதான். இந்தப் பக்கம் மொத்தமாக எழுந்து கைதட்டியது. "கேட்டுக்கோங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து, "எவ்வளவு வாங்கின?" என்று ஒரு குரல், ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து மேடைப் படியில் விழுந்தது. நாற்காலிகள் சரிந்தன. மச்சான் இரண்டு கையையும் தூக்கி, தானே சாட்சி சொன்னதுபோல நாலு பக்கமும் திரும்பிக் காட்டினார். நீதிபதி மணியை அடித்தார், தும்மினார், மறுபடி அடித்தார்.

"அலமாரி..." என்றார் தச்சர். "ஐயா, இன்னும் இருக்குங்க. அலமாரி..."

மைக்கை அணைத்துவிட்டார்கள். போலீஸ் வந்து அவரைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தியது. இன்றைய அமர்வு முடிந்தது, சாட்சிக்கு நன்றி என்று நீதிபதி சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. டிவிக்காரர்கள் ஓட்டமாக ஓடினார்கள். கால் மணி நேரத்தில் மண்டபம் காலியாகி, சண்டை தெருவுக்குப் போயிற்று. ஊருக்கு மூன்று மாதமாகத் தேவைப்பட்டது கிடைத்துவிட்டது. இனி வேறு எதையும் அது காதில் வாங்காது.

தச்சர் படியில் உட்கார்ந்துவிட்டார். அலமாரியை முதலில் சொல்லியிருந்தால்? முதலில் சொன்னதுதான் ஏறும் என்று ஒரு பிறவிப் பேச்சாளனுக்குத் தெரிந்திருக்கும். தனக்குத் தெரியவில்லையே! ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்கைப் பாதியில் முறித்து, அவளை இத்தனை பேர் முன்னால் தனியாக விட்டுவிட்டோமே என்று உடம்பே கூசியது. தலை நிமிர்ந்தபோது அவள் போகாமல் முதல் வரிசையில் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவளை நேராகப் பார்க்கத் துணிவில்லாமல், எழுந்து குமாஸ்தாவிடம் போனார். குமாஸ்தா கோப்புகளை நாடாவால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் முடிக்கலைங்க."

"எனக்கும் தெரியுது. ஆனா அமர்வு முடிஞ்சுருச்சு, உங்க சாட்சியும் முடிஞ்சதாத்தான் கணக்கு. இனிமே எழுத்துமூலமாத்தான் வாங்குவோம்." ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வாக்கியமாக எழுத அவருக்கு வராது. வேலைக் கணக்கு எழுதுவதுபோல எழுதினார். உள்ளறை அலமாரிக் கதவு. முளை ஐந்து. அடித்தட்டிலிருந்து உயரம்: ஓர் அடி இரண்டு அங்குலம், ஓர் அடி ஐந்து, ஓர் அடி ஏழு, ஓர் அடி ஒன்பது, இரண்டு அடி நான்கு. பெயிண்டைச் சுரண்டினால் தெரியும். சீட்டில் இல்லாமல் நானாகச் செய்தது. கையெழுத்துப் போட்டார்.

குமாஸ்தா படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது உங்க வேலைக்கே உலை வெச்சுடும், தெரியும்ல?"

"தெரியுங்க."

"வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. உசரம் மட்டும் குடுத்தா, ஆள் நின்னுட்டிருந்தான், குறி தவறிக் கால்ல பட்டுதுன்னு எழுதிடுவாங்க. உட்கார்ந்திருந்தா அது உடம்புல எங்க வரும்னு யாரு சொல்றது? இந்த அளவை எதோட வெச்சுப் பாக்கறது?"

பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அந்த அம்மா வந்து, மேசைக்குப் பக்கத்தில், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். காலை மடக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு அலமாரிக்குள் எவ்வளவு இடம் இருக்குமோ அவ்வளவுக்குத் தன்னைச் சுருக்கினாள்.

"அவன் என் உசரந்தான். அளந்துக்கோங்க."

தச்சர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். மண்டியிட்டு, அதன் நுனியைத் தரையில் வைத்தார். ஓர் அடி இரண்டு அங்குலம் வயிற்றுக்கு வந்தது. குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஓர் அடி ஐந்து, விலா. ஓர் அடி ஏழுக்கும் ஒன்பதுக்கும் நெஞ்சு. அவருடைய உதடு மட்டும் அசைந்தது. இரண்டு அடி நான்குக்கு டேப்பை உயர்த்தினார். அது அவள் காதோரத்தில் நரைத்த முடியைத் தொட்டது.

"சத்தமா சொல்லுங்க அண்ணே," என்றாள் அவள், குனிந்த தலையை நிமிர்த்தாமல். "அவங்க எழுதணும்ல."